மூன்று கொம்பும் மொட்டை மாடும்

கனடாவைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை எழுதவேண்டும் என்று மூன்று வருடமாக ஆசை. விமானத்தில் தந்த சாப்பாடு, பனியில் வழுக்கி விழுந்தது, மியூசியத்தில் டிரைசெராடாப்ஸ் மண்டையோட்டுக்கு முன்னால் பேச்சற்று நின்றது என்று மனதுக்குள் பத்தி பத்தியாக எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் போனது நான் இல்லை, கார்த்திகா. எனக்கு வாய்த்தது தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டிப் பக்கம், நான்கு நாள். எனவே அதைத்தான் எழுதுகிறேன்.

கார்த்திகாவும் நானும் திருச்சியில் ஒன்றாக ஜியாலஜி படித்தோம். ஒரே விடுதி அறை, ஒரே பைத்தியம். கொம்பு வைத்த டைனோசர் என்றால் இரண்டு பேரும் சோறு தண்ணியை மறந்துவிடுவோம். முக்கொம்புக்குப் போனபோதுகூட ஆற்றைப் பார்க்காமல், படியில் உட்கார்ந்து மண்டையோட்டு அளவுகளைப் பற்றிச் சண்டை போட்டவர்கள். படிப்பு முடிந்ததும் கனடாவில் ஒரே பேராசிரியருக்கு இருவரும் விண்ணப்பித்தோம். இருந்தது ஒரு இடம். அவளுக்குக் கிடைத்தது. அவள் மதிப்பெண் என்னுடையதைவிடக் குறைவு. இதை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதிவிட்டேன். நான் இப்போது நன்னிலத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பெயர் நஸ்ரின்.

திடீரென்று ஒருநாள் அவளிடமிருந்து செய்தி. "லீவுல வர்றேன்டி. உம்பளச்சேரி மாடு பாக்கணும். அந்தப் பக்கம் உனக்குத்தான் தெரியும். கூட வா." கொம்பு டைனோசர் படிக்கிறவளுக்கு உம்பளச்சேரி மாடு எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

டிரைசெராடாப்ஸ் எல்லாருக்கும் தெரியும். கண்ணுக்கு மேலே இரண்டு நீளக் கொம்பு, மூக்கின் மேல் ஒன்று, கழுத்துக்குப் பின்னால் விசிறி மாதிரி விரிந்த எலும்பு. முதன்முதலில் கிடைத்த ஜோடிக் கொம்பைப் பார்த்தவர்கள் ஏதோ பழைய காலத்துக் காட்டெருமை என்று நினைத்து அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள். பிறகு மண்டையோடு கிடைக்கக் கிடைக்க, இது வேறு, அது வேறு என்று பத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் முளைத்தன. பின்னால் வந்தவர்கள் கழித்துக் கழித்து இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதற்கு டோரோசாரஸ் என்று ஒரு பங்காளி. அதே கொம்பு, அதே முகம். விசிறி மட்டும் இன்னும் நீளம், அதில் பெரிதாக இரண்டு ஓட்டை. இரண்டும் தனித்தனிப் பேரினம் என்றுதான் நூறு வருடத்துக்கு மேல் புத்தகத்தில் இருந்தது. நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் சிலர் கிளம்பி, தனியும் இல்லை ஒன்றும் இல்லை, டிரைசெராடாப்ஸ் கிழடு தட்டினால் விசிறி மெலிந்து ஓட்டை விழும், அந்தக் கிழத்துக்குத்தான் டோரோசாரஸ் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். அப்படியானால் ஓட்டையே விழாத கிழட்டு டிரைசெராடாப்ஸ் எப்படி இருக்கிறது, வயதே ஆகாத டோரோசாரஸ் எப்படி இருக்கிறது என்று எதிர்க்கட்சி கேட்டது. இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் தனித்தனி என்கிற பக்கம் திரும்பிவிட்டார்கள். சண்டை மட்டும் ஓயவில்லை.

கார்த்திகாவின் பேராசிரியர் தனித்தனி கட்சி. அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் அவள் பன்னிரண்டு நிமிடம் பேசவேண்டும். எது வயதால் வந்த மாற்றம், எது ஆண் பெண் வித்தியாசம், எது உண்மையிலேயே வேறு இனம் என்று பிரித்துச் சொல்வதுதான் பேச்சு. அதன் முதல் ஸ்லைடுக்கு, இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரு கொம்பு விலங்கு வேண்டும். உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செவலை, ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறிவிடும். தெரியாதவன் பார்த்தால் இரண்டு சாதி மாடு என்பான். இதை விடுதி மாடியில் பொரி தின்றுகொண்டே அவளுக்குச் சொன்னது நான். அவள் அதை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

முதல் நாள் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னடி, இப்படி மெலிஞ்சுட்ட?"

"நீ வெளுத்துட்ட."

"அங்க வெயிலே கெடையாதுடி. நாலு மணிக்கே இருட்டிடும்."

வெயில் இல்லாத ஊர் என்றதும் எனக்குக் கொஞ்சம் திருப்தி. ஓட்டலில் நாலு இட்லி, ஒரு ரவா தோசை, மறுபடி இரண்டு இட்லி என்று சாப்பிட்டாள். அங்கே இட்லி பாக்கெட்டில் வருமாம், ரப்பர் மாதிரி இருக்குமாம். அதுவும் திருப்திதான். காபி வந்தபோது, மூன்று வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "மண்டையோட்ட மொத மொதல்ல தொட்டப்ப எப்படிடி இருந்துச்சு?"

யோசித்தாள். "சில்லுனு இருந்துச்சு. வீட்டு அம்மிக்கல்லத் தொட்ட மாதிரி."

அம்மிக்கல். நானாக இருந்தால் இதற்கு ஒரு பக்கம் சொல்லியிருப்பேன். யாருக்குக் கிடைக்கவேண்டியது யாருக்குக் கிடைத்திருக்கிறது பாருங்கள்.

பஸ்ஸில் செல்போனில் இரண்டு மண்டையோட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். பின் சீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"காண்டாமிருகமாம்மா?"

"இல்லங்க, டைனோசர். இது ரெண்டும் ஒண்ணா வேற வேறயான்னு ஆராய்ச்சி பண்றோம்."

"இப்ப எங்க இருக்கு?"

"இப்ப இல்லங்க. அழிஞ்சு போச்சு."

"அழிஞ்சு போனதுக்கு ஒரு பேரா ரெண்டு பேரான்னு எதுக்கும்மா சண்டை?"

அவர் பக்கத்தில் இருந்தவர் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ உங்க தாத்தா பேரு பட்டாவுல ஒரு மாதிரி பத்திரத்துல ஒரு மாதிரி இருக்குன்னு தாலுக்கா ஆபீசுக்கு அலையிறியே. உங்க தாத்தாவும்தான் இல்ல."

கார்த்திகா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாநாட்டில் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். இந்த ஊர்ப் பஸ்ஸில் தினமும் போய்வருகிறவள் நான். சொல்லிக் கைத்தட்டல் வாங்கப்போகிறவள் அவள்.

தங்கியது திருத்துறைப்பூண்டியில் என் குப்பி வீட்டில். குப்பி என்றால் அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. இடியாப்பமும், மீன் ஆணம் என்று நாங்கள் சொல்கிற குழம்பும் செய்திருந்தார். கார்த்திகா தட்டில் மீன் தலை விழுந்தது. இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டில் மீன் தலை எனக்குத்தான்.

"அந்தக் குளிர்ல மீனெல்லாம் கெடைக்குமாம்மா?" என்று குப்பி கேட்க, இவள் ஊர்க் கதை, மாட்டுக் கதை எல்லாம் சொன்னாள். "கன்னுக்குட்டி நெறம் மாறுதுல்ல குப்பி, அத வச்சே ஆரம்பிக்கலாம்னு தோணுச்சு" என்றாள். தோணுச்சாம். நான் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் குப்பி மகனுடைய ஸ்கூட்டர். ஓட்டியது நான். அறுவடை முடிந்த நேரம், தார் ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி நெல்லில் ஏற்றினேன். சக்கரம் வழுக்கி இருவரும் குவியல் மேலேயே உட்கார்ந்தோம். அடி ஒன்றும் இல்லை. காய வைத்துக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தோடு வந்தார்.

"கண்ணு தெரியலயா? மெத்தையா விரிச்சு வச்சிருக்கேன்?"

"மன்னிச்சுக்குங்கக்கா" என்று கார்த்திகா குனிந்து நெல்லைக் கையால் கூட்ட ஆரம்பித்தாள்.

அந்த அக்கா உடனே இறங்கிவந்தார். "விடும்மா, நல்ல பொண்ணா இருக்க. வண்டி ஓட்டுனதுக்குத்தான் புத்தி இல்ல."

மாடு பார்க்கப் போனது மல்லிகா அக்கா வீட்டுக்கு. குப்பி அவரிடம் பால் வாங்கிப் பழக்கம். கொட்டகையில் ஒன்பது பசு. சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நாலு காலிலும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை, தலையில் குட்டையான கொம்பு. ஓரத்தில் மூன்று கன்று, செக்கச் செவேல் என்று.

"போட்டோ எடுத்துக்கலாங்களா அக்கா?"

"போட்டோ எடுத்தா பால் கொறையும்னு எங்க மாமியா சொல்லும். இதுங்க கறக்கறதே ரெண்டு லிட்டரு, இதுல எத்த கொறையப்போவுது. எடு."

கார்த்திகா குட்டிச்சுவரில் ஏறியும் சாணியில் மண்டியிட்டும் எடுத்தாள். டேப் வைத்துக் கொம்பு அளந்தாள். கன்று அவள் துப்பட்டாவைச் சப்பியது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வேலை என்று இதைச் செய்கிறாள். நான் திங்கட்கிழமை போய் விடைத்தாள் திருத்தவேண்டும்.

உழவு மாடு இல்லையா என்று கேட்டதற்கு, வைக்கோல் ஏற்றப் போயிருக்கிறது என்றார் மல்லிகா அக்கா. திரும்பி வரும் வழியில் வாய்க்கால் கரையில் அந்த வண்டியே எதிரே வந்தது. கார்த்திகா கைகாட்டி நிறுத்தினாள். வண்டிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். பூட்டியிருந்த இரண்டு காளைக்கும் கொம்பே இல்லை. வழவழவென்று மொட்டைத் தலை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வேலைக்கு விடுகிற காளைக்குக் கன்றாக இருக்கும்போதே கொம்பு முளைக்கும் இடத்தைச் சுட்டுவிடுவார்கள். சேற்றில் இரண்டை ஒரே நுகத்தில் பூட்டும்போது ஒன்றை ஒன்று குத்திக்கொள்ளக்கூடாது என்பதற்காக. உம்பளச்சேரி மாட்டுக்கு மொட்டை மாடு என்றே ஒரு பெயர் உண்டு. கொம்போடு இருக்கிற உழவு மாட்டைப் பார்த்தால்தான் எங்களுக்கு விநோதம். தஞ்சாவூர் டவுனில் வளர்ந்த கார்த்திகாவுக்கு இது தெரியாது.

தெரியாவிட்டாலும் அவள் முட்டாள் இல்லை. காளையின் உச்சந்தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். தழும்பு ஒன்றும் தட்டுப்படவில்லை போலிருக்கிறது. வண்டிக்காரரிடம் நேராகவே கேட்டாள்.

"கொம்பு சுட்டதா அண்ணே, இல்ல இயற்கையாவே இல்லையா?"

அவர் கேமராவைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். மாட்டுக்குக் கொம்பைச் சுடுவது கொடுமை என்று கேஸ் போடுகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பது எனக்கும் தெரியும்.

"பொறவியே இப்படித்தாங்க" என்றார். "நாங்க ஒண்ணும் பண்றதில்லீங்க."

கார்த்திகா என் பக்கம் திரும்பினாள். "அப்படியாடி?"

வண்டிக்காரரும் என்னைப் பார்த்தார்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர் பொய் சொன்னது பயத்தில். என்னுடையதற்கு அந்தச் சாக்கும் இல்லை. அந்த ஒரு விநாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இவளுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைக் கொடுக்காமலும் இருக்கலாம் என்பது.

அவள் துள்ளிக் குதித்தாள். "நஸ்ரி, பொண்ணுக்குக் கொம்பு, ஆணுக்கு இல்ல. இது எங்கயும் கெடையாதுடி. இந்த மண்டையோடு ரெண்டும் தனித்தனியா மண்ணுக்குள்ள கெடைச்சா ரெண்டு பேரினம்னு எழுதிடுவாங்க." சாயங்காலம் குப்பி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேராசிரியருக்குப் படங்களோடு மெயில் அனுப்பினாள். நான் எதிரே முறுக்கைக் கடித்துக்கொண்டு, மாநாட்டில் யாராவது ஒருவர் எழுந்து, அம்மா அது சுட்ட கொம்பு என்று சொல்வதையும் அரங்கம் சிரிப்பதையும் கற்பனை செய்தேன். ரொம்ப நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை தஞ்சாவூருக்குத் திரும்பினோம். நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது. மூடினால் எப்போது திறக்கும் என்று தெரிந்தவர்கள் யாருமில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனார். வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பெண் ஜன்னல் ஜன்னலாக வந்தார். கார்த்திகா இரண்டு வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, செல்போனை என் மடியில் வைத்தாள்.

"சார் பதில் போட்டிருக்கார். படி."

ஆச்சரியமாக இருக்கிறது, நான் கேள்விப்பட்டதே இல்லை, உறுதிதானா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். கீழே இவள் பதில். உறுதி, இதில் என்னோடு சேர்ந்து எழுதுபவள் அந்த ஊர்க்காரி, அவளே சரி என்றாள் என்று இருந்தது. அதற்கும் கீழே முதல் ஸ்லைடு. மூன்று மாட்டுத் தலை, தலைப்பு, தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர். அவள் பெயர். பக்கத்தில் என் பெயர்.

"எதுக்குடி என் பேரு?"

"உன் ஐடியாதானே? மாடியில பொரி தின்னப்ப நீ சொன்னது. மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் என் பொறாமை போயிருக்கவேண்டும். கூடத்தான் செய்தது. கனடா, மண்டையோடு, மீன் தலை எல்லாம் போதாதென்று, நல்ல மனசும் இவளுக்கே கிடைத்திருக்கிறது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. சிரிக்கப்போகிற அரங்கத்துக்கு முன்னால் நிற்கப்போவது அவள் மட்டும் இல்லை.

பெயர் இல்லாமல் இருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். கேட் திறக்காதா என்று பார்த்தேன். திறக்கவில்லை.

"அது சுட்ட கொம்புடி" என்றேன்.

"எது?"

"காளைக்கு. குட்டியிலேயே சுட்டுருவாங்க. நுகத்துல குத்திக்கக் கூடாதுன்னு. அந்தண்ணன் பயந்து பொய் சொன்னாரு."

கடித்த வெள்ளரியை மெல்லாமல் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"சின்ன வயசுலேருந்து."

"முந்தாநாளு தெரியுமா, அந்த வண்டிகிட்ட நிக்கறப்ப?" முந்தாநாள் இல்லை, நேற்றுதான். அவளுக்கு நாள் குழம்பிவிட்டது. நான் திருத்தவில்லை. தலையாட்டினேன்.

முன் சீட்டில் ஒரு கைக்குழந்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ரயில் இன்னும் வரவில்லை. கார்த்திகா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எறங்கு. திரும்பிப் போறோம்."

எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் இரண்டு பேருக்கும் தனித்தனியாக இடம் கிடைத்தது. நல்லதாகப் போயிற்று. குப்பி ஒன்றும் கேட்காமல் இரண்டு தட்டு வைத்தார். அன்றைக்குக் கத்திரிக்காய்.

நான்காம் நாள் ஸ்கூட்டரை அவள் ஓட்டினாள். நெல் கிடந்த இடத்தில் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டே போனாள். மல்லிகா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர், அடுத்த தெருவில் இருக்கிற பொலிகாளையைப் பார்க்கச் சொன்னார். அது இனவிருத்திக்கென்று வைத்திருக்கிற, ஏரில் பூட்டாத காளை, ஆகவே கொம்பைச் சுடாமல் விட்டிருந்தார்கள். பசுவைவிடத் தடித்த கொம்பு. கார்த்திகா படம் எடுத்தாள், அளந்தாள், குறித்துக்கொண்டாள்.

வண்டிக்காரர் களத்தில் வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, நாங்க கேஸ் போடற ஆளுங்க இல்ல. படிக்கறோம். உண்மையச் சொல்லுங்க, சுட்டதுதானே?"

"சுட்டதுதாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டினார். "இந்தப் பாப்பாவுக்கு அன்னிக்கே தெரியுமே. அது ‘ம்’னதும், சரி, இது நம்ம பக்கம்னு நெனச்சேன்."

கார்த்திகா அவருக்கு நன்றி சொன்னாள். அவர் பெயரைப் போடமாட்டேன் என்றும் சொன்னாள். நானும் இங்கே போடவில்லை.

களத்து ஓரப் புங்க மரத்தடியில் உட்கார்ந்து படங்களை அடுக்கினாள். செவலைக் கன்று, கொம்புப் பசு, கொம்புக் காளை, மொட்டைக் காளை. ஒரே சாதி, நாலு தலை. ஒன்று வயதால் மாறப்போவது, ஒன்று பெண், ஒன்று ஆண், ஒன்று மனுசன் கை பட்டது. பழைய ஸ்லைடைவிட இது எத்தனையோ மேல் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் திரும்பி வந்திருக்கமாட்டாள், பொலிகாளையைப் பார்த்திருக்கமாட்டாள். நான் கெடுக்கப் பார்த்ததுகூட அவளுக்கு நல்லதாக முடிந்திருக்கிறது. என்ன ஜாதகமோ.

செல்போனை என்னிடம் நீட்டினாள்.

"சாருக்கு மெயில் நீ எழுது."

"நானா?"

"சரின்னு சொன்னது நீதானே. நீயே எழுது."

அந்தப் பேராசிரியருக்கு நான் எழுதிய முதல் கடிதம் விண்ணப்பம். அதற்குப் பதில் வரவில்லை. இது இரண்டாவது. கட்டைவிரலால் அடித்து அடித்து அழித்தேன். காளைக்குக் கொம்பு உண்டு, வேலைக்கு விடுகிற காளைக்கு அதைச் சுட்டுவிடுவார்கள், புதுப் படம் இணைத்திருக்கிறோம் என்று மூன்று வரியில் முடித்துவிடலாம்தான். முடித்தேன். பிறகு நாலாவதாக ஒரு வரி சேர்த்தேன். அந்தக் காளைகளைப் பார்த்த அன்றைக்கே எனக்கு இது தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை, தவறு கார்த்திகாவுடையது அல்ல.

வாங்கி நிதானமாகப் படித்தாள். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். கீழே போய் நாலாவது வரியில் விரலை வைத்தாள். அதை மட்டும் எடுத்துவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள்தானே என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எடுக்கவில்லை. அப்படியே அனுப்பினாள். ஸ்லைடைத் திறந்து படங்களை மாற்றினாள். தலைப்புக்குக் கீழே இருந்த இரண்டு பெயரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதையும் எடுக்கவில்லை.